கடைசி நாளில் ஏன் மூழ்கக் கூடாது?

நெடுநாள் கனவு ஒன்று பலித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்தமானில் உள்ள ஹேவ்லாக் தீவுக்கு விடுமுறைப் பயணம்! 2018ஆம் ஆண்டில் இதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் சூட்டப்பட்டது. சென்னையிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேருக்குப் பறந்து (2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய ஊர் இதுதான்), அங்கிருந்து படகேறி வந்து சேர்ந்துவிட்டீர்கள்.

முதுகில் காற்று உருளை, முகத்தில் கண்ணாடி, காலில் துடுப்பு. பயிற்சியாளருடன் மூன்று நாட்கள் பவளப் பாறைகளினூடே நீந்தினீர்கள். கடற்சாமந்தியின் கொடுக்குகளுக்கிடையே கோமாளி மீன் ஒளிந்து விளையாடுவதைக் கண்டீர்கள். நான்காம் நாள் பிற்பகல். மணி இரண்டு. மாலைப் படகில் கிளம்ப வேண்டும். "இன்னும் ஒரே ஒரு முறை!" என்று கெஞ்சுகிறீர்கள்.

பயிற்சியாளர் ஒரு கேள்விதான் கேட்கிறார். "நாளை எத்தனை மணிக்கு விமானம்?"

"காலை ஏழு மணிக்கு."

"அப்படியானால் இன்று மூழ்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் உருளைகளை அடுக்கப் போய்விடுகிறார்.

இது என்ன நியாயம்? நாளைய விமானத்துக்கும் இன்றைய கடலுக்கும் என்ன சம்பந்தம்? வாருங்கள், பார்ப்போம்.

தலைமேல் ஒரு பாரம்

நம்மைச் சுற்றியுள்ள காற்று நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவுக்கு அழுத்திக்கொண்டிருக்கிறது. இதை ஒரு காற்றுமண்டல அழுத்தம் என்கிறோம். நீர் காற்றைவிட மிகக் கனமானது. ஆகவே கடலில் 10 மீட்டர் இறங்கினாலே இன்னொரு காற்றுமண்டல அழுத்தம் கூடிவிடுகிறது. 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4 என்று அது ஏறிக்கொண்டே போகும்.

நமது தசையும் எலும்பும் பெரும்பாலும் நீரும் திடப்பொருளுமே. அவை இதனால் நசுங்குவதில்லை. ஆனால் நுரையீரலில் உள்ள காற்று? அழுத்தம் இருமடங்கானால் வாயுவின் பருமன் பாதியாகும் என்று ராபர்ட் பாயில் 1662ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டார். 6 லிட்டர் காற்றுள்ள பலூன் ஒன்றை 10 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு சென்றால் 3 லிட்டராகும். 20 மீட்டரில் 2 லிட்டராகிவிடும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களை எண்ணிப் பாருங்கள். ஒரே ஒரு மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, கல்லின் பாரத்தால் அடியில் இறங்கினார்கள். உள்ளே அவர்களது நுரையீரல் சுருங்கியது. மேலே வந்ததும் பழைய அளவுக்கு விரிந்தது. அவ்வளவுதான்.

மூச்சுவிடும் கருவி

"நீளமான குழாய் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு கடலடியில் நடந்தால் என்ன?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். முடியாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீர் மார்பை அழுத்தும் விசை மிகுதி. மேலேயுள்ள காற்றை அந்த விசைக்கு எதிராக உள்ளே இழுக்க மார்புத் தசைகள் திணறும். ஆழத்தில் உள்ள அதே அழுத்தத்தில் காற்றும் வாய்க்கு வர வேண்டும்.

இதைச் செய்யும் கருவியை 1943ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ழாக் கூஸ்தோவும் எமில் கக்னானும் உருவாக்கினார்கள். அதிலுள்ள அழுத்தச் சீராக்கி, மூழ்குபவர் எந்த ஆழத்தில் இருக்கிறாரோ அந்த ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைக் கொடுக்கும். இன்று நாம் ஸ்கூபா என்பது இந்தக் கருவியின் வழித்தோன்றலே.

உருளையில் இருப்பது ஆக்சிஜன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றையே அழுத்தி அடைத்திருக்கிறார்கள். தூய ஆக்சிஜனை ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் அதுவே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கலாம்.

இங்கேதான் ஸ்கூபாவில் மூழ்குபவர் முத்துக்குளிப்பவரிடமிருந்து வேறுபடுகிறார். 20 மீட்டர் ஆழத்தில் அவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் தரையில் இழுப்பதைப் போல மூன்று மடங்கு காற்று இருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு அவர் மேலே வந்தால் 6 லிட்டர் காற்று 18 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் தாங்குமா? கிழிந்துபோகும். "ஒருபோதும் மூச்சை அடக்காதே" என்பது ஸ்கூபாவின் முதல் விதியாக இருப்பது இதனால்தான்.

சோடா புட்டி சொல்லும் பாடம்

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஒரு சோடா புட்டியை எடுத்துப் பாருங்கள். மூடியிருக்கும்போது உள்ளே ஒரு குமிழியும் தெரிவதில்லை. திறந்தவுடன் 'புஸ்' என்று குமிழிகள் பொங்குகின்றன. அழுத்தம் கூடினால் நீரில் வாயு அதிகமாகக் கரையும். அழுத்தம் குறைந்தால் வெளியேறும். இதை வில்லியம் ஹென்றி 1803ஆம் ஆண்டில் கண்டறிந்தார்.

நம் இரத்தமும் நீர்தானே! காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். உடல் ஆக்சிஜனைச் செலவழித்துவிடுகிறது. நைட்ரஜனை ஒன்றுக்கும் பயன்படுத்துவதில்லை. ஆகவே ஆழத்தில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது இரத்தத்திலும், பிறகு தசையிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்ந்துகொண்டே போகிறது. மெல்ல மேலே வந்தால் அது நுரையீரல் வழியாக அமைதியாக வெளியேறிவிடும். சட்டென்று வந்தாலோ உடலே திறந்த சோடா புட்டியாகிவிடும். குமிழிகள் மூட்டுகளில் தங்கினால் கடும் வலி. தண்டுவடத்தில் தங்கினால் பக்கவாதம். உயிருக்கே கூட ஆபத்து.

இதை மனிதன் அறிந்தது கடலில் அன்று. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு அடித்தளம் தோண்டியபோது, ஆற்று நீர் புகாதபடி அழுத்தக் காற்று நிரப்பிய பெரும் பெட்டிகளுக்குள் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். வெளியே வந்ததும் பலர் வலியால் துடித்தார்கள். சிலர் இறந்தார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் இந்நோயால் முடங்கினார். அதன்பின் அவருடைய மனைவி எமிலியே அவரது கட்டளைகளைப் பணியிடத்துக்குக் கொண்டு சென்றார். நைட்ரஜன் குமிழிகளே காரணம் என்பதைப் பால் பேர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1878இல் விளக்கினார். ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளைக் கொண்டு சோதனைகள் நடத்தி, எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு மெதுவாக மேலே வர வேண்டும் என்ற அட்டவணையை 1908இல் வெளியிட்டார்.

இன்று பொழுதுபோக்குக்காக மூழ்குபவர்கள் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வருகிறார்கள்.

விமானம் எங்கே வந்தது?

கரையேறியதும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. திறந்து வைத்த சோடாவில் நெடுநேரம் வாயு மிச்சமிருக்கிறதல்லவா? அதுபோல உங்கள் உடலிலும் நைட்ரஜன் மிச்சமிருக்கிறது. இரத்தம் அதை விரைவில் விட்டுவிடும். மற்றத் திசுக்கள் சிலவற்றிலிருந்து அது வெளியேற மணிக்கணக்கில் ஆகும். தரையில் இருக்கும்வரை கவலையில்லை.

ஆனால் விமானம் மேலே பறக்கும்போது அதன் உள்ளறையின் அழுத்தம் தரையில் உள்ளதைவிடக் குறைவு. ஏறத்தாழ 2,400 மீட்டர் உயர மலைமேல் நிற்பதற்குச் சமம் வரை அது இறங்கலாம். அதாவது காற்றுமண்டல அழுத்தத்தில் முக்கால் பங்கு. மிச்சமிருந்த நைட்ரஜன் அப்போது குமிழியாகத் தொடங்கலாம். நடுவானில் அழுத்த அறையும் இல்லை, அதற்கான மருத்துவரும் இல்லை.

ஆகவேதான் பல முறை மூழ்கியவர்கள் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்று வல்லுநர்கள் கூறுகிறார்கள். ஒரு முழு நாள் காத்திருப்பது இன்னும் நல்லது. இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். இன்று மூழ்கிவிட்டு மூன்று மணிக்குக் கரையேறினால், காலை ஏழு மணி விமானத்துக்கு 16 மணி நேரம்தான் இருக்கிறது. பயிற்சியாளர் செய்தது சரிதானே?

அதற்காகக் கடைசிப் பிற்பகலை வீணாக்க வேண்டியதில்லை. கண்ணாடியும் சிறு குழாயும் மட்டும் அணிந்து நீர்மட்டத்தில் மிதந்தபடி பவளங்களைப் பாருங்கள். அங்கே அழுத்தக் காற்று இல்லை; நைட்ரஜன் தொல்லையும் இல்லை. மீன்கள் அதே மீன்கள்தான்!

வீடு திரும்பியதும் செய்ய ஒரு கணக்கு. 12 லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில் 200 காற்றுமண்டல அழுத்தத்தில் காற்று இருக்கிறது. அதில் 50 ஆபத்துக்கென விட்டுவைக்க வேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் சுவாசித்தால் மீதிக் காற்று தரையில் 90 நிமிடம் வரும். 20 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம்தான் வரும். அப்படியானால் 30 மீட்டர் ஆழத்தில் எத்தனை நிமிடம்?