குடும்பப் படங்களுக்கு ஒரு நினைவேடு

ஸ்கிராப்புக் என்பது படத்தையும் அதன் கதையையும் ஒரே பக்கத்தில் சேர்த்துவைக்கும் நினைவேடு. கல்யாணப் பத்திரிகை, இன்லண்ட் கடிதம், ரயில் டிக்கெட், பிள்ளையின் முதல் கிறுக்கல் என அந்த நாளைச் சேர்ந்த எதுவும் படத்தின் அருகே இடம்பெறலாம். கடைகளில் விற்கும் வண்ணத்தாளும் ஸ்டிக்கரும் ரிப்பனும் இல்லாமலே நல்ல நினைவேடு அமையும். எழுத்து இல்லாமல் அமையாது.

தொடங்க நினைப்பவர்களை மலைக்கவைப்பது படங்களின் எண்ணிக்கை. பீரோ, டிரங்குப் பெட்டி, பிஸ்கட் டப்பா, செல்பேசி என்று சிதறிக் கிடக்கும் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திய பிறகே ஏட்டைத் தொடுவது என்று முடிவெடுத்தால் வேலை நகராது. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வது நல்லது: தாத்தா பாட்டியின் கல்யாணம், விற்றுவிட்ட பூர்வீக வீடு, ஒரு குழந்தையின் முதல் ஆண்டு. இருபது, முப்பது படங்கள் அதற்குத் தாராளம்.

தேர்ந்தெடுத்த படங்களை முதலில் கொண்டுபோக வேண்டியது வீட்டுப் பெரியவர்களிடம். பழைய குரூப் போட்டோவில் மூன்றாவதாக நிற்பவர் யார் என்று சொல்லக்கூடியவர் பல குடும்பங்களில் ஒருவர்தான் மிஞ்சியிருப்பார். படத்தை அவர் கையில் கொடுத்து, அவர் பேசுவதைச் செல்பேசியில் பதிவுசெய்துகொண்டால், பெயரோடு நிற்காமல், அந்தப் பட்டுப்புடவை யாரிடம் இரவல் வாங்கியது, படமெடுக்க எந்த ஊருக்கு வண்டி கட்டிப் போனார்கள் என்பதெல்லாம் தானாக வந்து விழும். எழுதும்போது ‘பெரியம்மா’ என்று மட்டும் குறித்தால், யாருடைய பெரியம்மா என்பது பேரப்பிள்ளைகளுக்கு விளங்காது. முழுப்பெயர், உறவு, ஊர், ஆண்டு நான்கும் வேண்டும். ஆண்டு நினைவில்லாதபோது படமே துப்புக் கொடுக்கும்: அட்டையின் அடியிலோ பின்புறத்திலோ ஸ்டூடியோ முத்திரை இருக்கக்கூடும்; இடுப்பில் இருக்கும் குழந்தையின் வயதைக் கொண்டும் கணக்கிடலாம். ‘1962 வாக்கில்’ என்று எழுதுவது காலியாக விடுவதைவிட எவ்வளவோ மேல்.

இத்தகைய படங்களின் மதிப்பை ஆய்வாளர்கள் உணர்ந்திருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, பழைய தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடித் திரட்டி டிஜிட்டல் படிகளாக்கும் பணி நடந்திருக்கிறது. ஆனால் வீட்டில் இருக்கும் படத்துக்குப் பெயரும் ஊரும் எழுதிவைக்கக் குடும்பத்தாரைவிடத் தகுதியானவர் எவருமில்லை.

அசல் படத்தை வெட்டக் கூடாது. அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்து அச்சிட்ட படியை எப்படி வேண்டுமானாலும் வெட்டி அடுக்கலாம். ஸ்கேன் செய்வதில் கறுப்பு வெள்ளைக்கு முன்பாக 1970-களின் கலர் படங்களை எடுப்பதே சரி. வெள்ளி உப்பால் உருவான கறுப்பு வெள்ளைப் படம் நூறாண்டு தாங்கும். அக்காலக் கலர் படத்தின் சாயமோ இருட்டில் வைத்திருந்தாலும் மங்கி, படம் முழுதும் செம்மை படர்ந்துவிடும்.

நினைவேட்டுக்குப் பழைய எதிரி பசை. எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873-இல், பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவிய, ஈரப்படுத்தினாலே ஒட்டிக்கொள்ளும் ஏட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நூறாண்டு கழித்து, பசைக்கோடுகளின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பங்கள் வீடுதோறும் வந்தன. வசதியானவைதான், ஆனால் அந்தப் பசை நாளடைவில் மஞ்சளித்துப் படத்தைக் கவ்விக்கொள்கிறது. அதிலிருந்து எடுக்கும் முன் பக்கத்தை அப்படியே ஒரு படம் எடுத்துவிட்டு, பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூலைப் படத்தின் அடியில் மெல்ல அறுப்பதுபோல் செலுத்த வேண்டும். வராவிட்டால் வற்புறுத்தாமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுவது மேல். மைதாப் பசையும் ஆகாது. மாவுச்சத்துக்கு இராமபாணப் பூச்சி வந்துசேரும். அந்தக் காலத்து ஆல்பத்தில் படத்தின் நான்கு முனைகளையும் கார்னரில் செருகி, நடுவே பட்டர் பேப்பர் வைத்தார்களே, அந்த முறையே இன்றைக்கும் சிறந்தது. பசை படத்தைத் தொடுவதே இல்லை. வேண்டும்போது கழற்றிப் பின்புறத்தைப் பார்க்கலாம்.

தாள் வாங்கும்போது அமிலமும் லிக்னினும் இல்லாதது என்று குறிப்பிட்டிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். செய்தித்தாள் மஞ்சளித்து நொறுங்குவது இவை இரண்டாலும்தான். ஆகவே செய்தித்துணுக்கை நல்ல தாளில் நகலெடுத்து ஒட்டுவது பாதுகாப்பு. வெப்பத்தால் அச்சாகும் டிக்கெட், ரசீதுகளின் எழுத்து சில ஆண்டுகளில் மறைந்துவிடும். அவற்றுக்கும் நகலே வழி. மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையைத் தனி உறையில் இட்டுச் செருகினால் கறை படத்துக்குத் தாவாது. உறை பி.வி.சி.யாக இருக்கக் கூடாது, பாலிப்ரொப்பிலீன் நல்லது.

பக்கத்துக்கு இரண்டு, மூன்று படங்கள் போதும். ஒன்று பெரிதாக இருக்கட்டும். எழுத இடம் கிடைக்கட்டும். பால்பாயிண்ட் பேனாவால் படத்தின் பின்னால் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தடம் விழும். 2பி போன்ற மென்மையான பென்சிலால் ஓரத்தில் பெயரைக் குறித்து, விவரத்தை ஏட்டிலேயே கைப்பட எழுதலாம்.

முடிந்த ஏட்டைப் பரணில் போடக் கூடாது. வெயில் காலத்தில் அங்கே அனல். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். பீரோவின் நடுத்தட்டில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். ஸ்கேன் செய்த படங்களின் இன்னொரு படி வேறு ஊரில் இருக்கும் அண்ணனிடமோ தங்கையிடமோ இருப்பது அவசியம்.