சாயும் சதுரம், சாயாத பொம்மை

மேற்கு மாம்பலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணிதமும் அறிவியலும் கற்பிக்கிறேன். எங்கள் வகுப்பறை பீரோவின் மேல்தட்டில் கனசதுரம், கூம்பு, நான்முகி என்று பளபளக்கும் பிளாஸ்டிக் மாதிரிகள் உள்ளன. உடைந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு ஆண்டுகள் அவற்றைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை. பார்வையிட யாராவது வந்தால் மட்டும் மேசைக்கு வரும். அவற்றைப் பார்த்து எந்தக் குழந்தையும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

சென்ற ஆண்டு அந்தப் பெட்டியை ஒதுக்கிவிட்டு, ஆரியகவுடா சாலைப் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் வாங்கிய வால்டியூபோடு ஏழாம் வகுப்புக்குள் போனேன். அன்று தொடங்கிய வேலையை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சந்தையில் பிறந்த பொம்மை

யோசனை என்னுடையது அல்ல, அரவிந்த் குப்தாவுடையது. உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் பிறந்தவர்; கான்பூர் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்தவர். புனேயில் லாரி தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1978இல் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். அங்கே 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கப்பட்டிருந்தது. ‘செய்து பார்த்துக் கற்றுக்கொள்’ என்பதே அதன் அடிப்படை. கிராமப் பள்ளிகளில் ஆய்வகக் கருவிகளுக்கு எங்கே போவது? வாரச் சந்தையில் கிடைப்பதே கருவி என்றானது. சைக்கிள் வால்டியூபும் தீக்குச்சியும் அப்படித்தான் குப்தாவின் கையில் பொம்மைகளாயின.

தீக்குச்சி மாதிரிகள் பற்றிய அவருடைய முதல் நூல் 1987இல் வந்தது. பின்னர் 2003 முதல் 2014 வரை புனேயில் உள்ள வானியல் ஆய்வு நிறுவனமான ஐயூகாவின் சிறுவர் அறிவியல் மையத்தில் பணியாற்றினார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இந்தப் பொம்மையின் புதுமை அதன் மூட்டில்தான் இருக்கிறது. வால்டியூப் ரப்பர், குச்சியை இறுகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் எந்தப் பக்கமும் வளையும். என் பீரோவில் இருக்கும் பிளாஸ்டிக் கனசதுரத்தின் மூலைகள் ஒட்டப்பட்டவை. எது அதை நிற்க வைக்கிறது, வடிவமா பசையா என்று யாராலும் சொல்ல முடியாது. வால்டியூப் மூட்டில் அந்த மறைப்பு இல்லை. நிற்கக்கூடிய வடிவம் நிற்கும், முடியாதது சாயும்.

செய்முறை

1. மரத் தீக்குச்சியாக இருக்க வேண்டும்; மெழுகுக் குச்சி வளைந்துவிடும். மருந்துத் தலையை ஆசிரியரே முந்தைய நாள் நீக்கிவிட வேண்டும். பல்குத்தும் குச்சியும் உதவும். அதன் கூர்முனையை வெட்டிவிடுங்கள்.

2. வால்டியூபை ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டின் இரு முனைகளிலும் குச்சியைச் செருகினால் அது இரட்டை மூட்டு.

3. துண்டின் நடுவில் தடித்த ஊசியால் துளையிட்டு இன்னொரு குச்சியைச் செருகினால் மும்மூட்டு.

4. மூன்று இரட்டை மூட்டுகளால் முக்கோணம், நான்கால் சதுரம் செய்யச் சொல்லுங்கள். இரண்டையும் விரலால் மெல்ல அழுத்தச் சொல்லுங்கள்.

அந்த வகுப்பில் நடந்தது

முதல் பாடவேளை வீண். டியூபை வெட்டவே நேரம் போய்விட்டது. நாற்பது பேருக்கு நாலு கத்தரிக்கோல். வெட்டிய துண்டுகளோடு மறுநாள் மீண்டும் போனேன்.

சதுரம் அழுத்தியதும் சாய்சதுரமானது. முக்கோணம் அசையவில்லை. "மிஸ், என்னோடது சரியா செய்யல போல, சாயுது" என்று சதுரத்தைக் காட்டினாள் ஒரு சிறுமி. அடுத்தவர்களுடையதும் சாய்வதைப் பார்த்த பிறகுதான் தவறு தன் கையில் இல்லை என்று புரிந்துகொண்டாள்.

"சதுரத்தைச் சாயாமல் நிறுத்த என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன். கணிதத் தேர்வில் பெரும்பாலும் வெற்றுத்தாளைத் தருபவன். பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே 'கற்றலில் பின்தங்கியவர்' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அவன் எழுந்து சொன்னான்: "குறுக்கால ஒண்ணு வைக்கணும் மிஸ். எங்கப்பா கேட் செய்யும்போது குறுக்குக் கம்பி வச்சுத்தான் வெல்டு வைப்பாரு. இல்லன்னா கேட் தொங்கிடும்."

அவன் அப்பா கிரில் பட்டறையில் வேலை பார்க்கிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

குறுக்கே வைக்கப் போனான், தீக்குச்சி எட்டவில்லை. இது நான் எதிர்பாராதது. வகுப்பின் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, அளந்து வெட்டி, மூலைகளில் துளையிட்டுச் செருகினான். சதுரம் நின்றது. அளந்து பார்த்தோம். மூட்டையும் சேர்த்துப் பக்கம் 5 செ.மீ.; குறுக்கே 7 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதல். பெரிய சதுரம் செய்தாலும் பக்கத்தைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு குச்சி தேவைப்பட்டது. எட்டாம் வகுப்பில் பித்தாகரஸ் தேற்றம் வரும்போது இதே குச்சியை மீண்டும் எடுக்கலாம் என்று பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

அடுத்த வாரம் கனசதுரம். 12 குச்சி, 8 மூலை. தூக்கினால் துவண்டு விழுந்தது. ஆறு முகங்களிலும் தலா ஒரு குறுக்குக் குச்சி வைத்ததும் உறுதியாக நின்றது. ஆறே குச்சிகளில் செய்த நான்முகிக்கோ குறுக்குக் குச்சியே தேவைப்படவில்லை. அதன் எல்லா முகங்களும் முக்கோணம்தானே!

வீட்டுப்பாடமாக, 'குறுக்குக் கம்பி எங்கெல்லாம் இருக்கிறது?' என்று பார்த்து வரச் சொன்னேன். வீட்டு கேட், மாம்பலம் ரயில் நிலையத்தின் நடைமேடைக் கூரை, உயர்மின் கோபுரம், சாரம், சைக்கிள் சட்டம் என்று பட்டியல் வந்தது.

தஞ்சாவூர் சொல்லும் பதில்

நவராத்திரி சமயம். "கொலுவுல இருக்கிற தலையாட்டிப் பொம்மைக்குள்ள குறுக்குக் குச்சி இருக்கா மிஸ்? அது ஏன் விழ மாட்டேங்குது?" என்றாள் ஒருத்தி. வகுப்பு அடுத்த பொம்மைக்குத் தானே போய்விட்டது.

புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் பொம்மைகளில் இருவகை உண்டு. தலை, உடல், பாவாடை எனத் தனித்தனியாகச் செய்து கம்பியில் தொங்கவிட்டு ஆடவைப்பது ஒன்று. எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும் ராஜா ராணி பொம்மை மற்றொன்று. இரண்டாவதன் அடி அரைக்கோளம். அடிப்பாகம் கனமானது, மேற்பாகம் லேசானது. எனவே பொம்மையின் ஈர்ப்பு மையம் அந்தக் கோளத்தின் மையத்துக்குக் கீழே அமைகிறது. பொம்மையைச் சாய்த்தால் ஈர்ப்பு மையம் உயரும். புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கும்போது பொம்மை எழுந்துகொள்கிறது.

பழைய பிளாஸ்டிக் பந்தைப் பாதியாக வெட்டி, அடியில் களிமண் அப்பி, மேலே காகிதக் கூம்பு ஒட்டினோம். நன்றாக ஆடியது. பிறகு கூம்பின் உச்சியில் சிறிது சிறிதாகக் களிமண் வைக்கச் சொன்னேன். ஓர் அளவுக்கு மேல் பொம்மை விழுந்தது, எழவில்லை. விழுந்த இடத்தில்தான் பாடம் புரிந்தது. கூரையில் மூட்டை ஏற்றிய பேருந்து ஏன் எளிதில் கவிழ்கிறது என்பதை அவர்களே சொன்னார்கள்.

கற்றுக்கொண்டது

நல்ல வடிவமைப்பு என்பது அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். எதை எங்கே வைப்பது என்ற முடிவுதான் அது என்று இந்த இரண்டு பொம்மைகளும் சொல்லிக் கொடுத்தன. குறுக்குக் குச்சியைச் சரியான மூலைகளுக்கு இடையில் வைத்தால் சதுரம் நிற்கிறது. கனத்தை அடியில் வைத்தால் பொம்மை எழுகிறது.

அந்த மாணவன் இப்போது கணிதத்தில் முதல் மதிப்பெண் வாங்குகிறான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நிரூபணத்தை வரிசையாக எழுத இன்னும் திணறுகிறான். ஆனால் வெற்றுத்தாள் தருவதில்லை. முதலில் படம் வரைகிறான், பிறகு தொடங்குகிறான். பதிவேட்டில் நான் எழுதிய சொல்லை இப்போது வேறு மாதிரிப் படிக்கிறேன்: அவனுக்குத் தெரிந்ததைக் கேட்பதில் பின்தங்கியிருந்தது நான்தான்.

வானவில் மன்றச் செயல்பாடுகளுக்கும் இவை பொருந்தும். செய்து பார்க்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மாதிரியை நீங்கள் செய்து காட்டாதீர்கள். குச்சியையும் டியூபையும் குழந்தைகள் கையில் கொடுத்துவிட்டு, சதுரம் சாயும்வரை பொறுத்திருங்கள்.