வீட்டில் கலக்கும் மின்சிகரெட் திரவம்: தோட்ட மக்கள் அறிய வேண்டியவை

மின்சிகரெட் என்னும் கருவியைக் காணாதவர் இன்று அரியர். தீக்குச்சியும் வேண்டாம், சாம்பலும் விழாது, பழ வாசனையோடு வெண்ணிற ஆவி எழும். இக்காரணங்களால் இளைஞர் பலர் அதன்பால் ஈர்க்கப்படுகின்றனர். கருவியில் ஊற்றும் திரவத்தைக் கடையில் வாங்கினால் செலவு மிகும் என்று கருதி, மூலப் பொருள்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே கலந்துகொள்ளும் வழக்கமும் பல நாடுகளில் உண்டு. சர்பத்துக் கலப்பதைப் போன்ற எளிய வேலைதானே என்று அவர்கள் எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணுவது எவ்வளவு பெரிய தவறு என்பதையும், சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அதனால் நேரக்கூடிய இடர் யாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திரவத்தில் உள்ளவை யாவை?

இன்று நாம் காணும் வகையான மின்சிகரெட்டைச் சீன நாட்டு மருந்தாளுநர் ஹோன் லிக் என்பவர் 2003ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதன் அமைப்பு எளியது. பேட்டரியின் மின்சாரம் ஒரு கம்பிச் சுருளைச் சூடாக்குகின்றது. சுருளை ஒட்டியுள்ள பஞ்சு திரவத்தில் ஊறியிருக்கின்றது. சூடுபட்ட திரவம் மிக நுண்ணிய துளிகளாக மாறி, புகைப்பவரின் மூச்சோடு உள்ளே செல்கின்றது. நாம் ஆவி என்று அழைப்பது உண்மையில் இந்தத் துளிகளின் கூட்டமேயாகும்.

அத்திரவத்தில் பொதுவாக நான்கு பொருள்கள் உள்ளன. முதலாவது புரொப்பிலீன் கிளைக்கால், இரண்டாவது கிளிசரின், மூன்றாவது வாசனைச் சத்து, நான்காவது நிக்கோட்டின். முதல் மூன்றும் உணவுப் பொருள்களிலும் மருந்துகளிலும் சேர்க்கப்படுபவை. ஆகவே அவற்றால் தீங்கு ஒன்றும் இல்லை என்று பலர் நம்புகின்றனர். நிக்கோட்டினோ புகையிலையின் சாரம். மனிதனை அடிமையாக்கும் பொருள் அதுவே.

நிக்கோட்டின் எத்தகையது என்பதை உழவர்கள் நெடுங்காலமாகவே அறிவர். புகையிலையை நீரில் ஊறவைத்துக் காய்ச்சி, அந்தக் கஷாயத்தைப் பயிரின் மீது தெளித்து அசுவினிப் பூச்சியைக் கொல்லும் முறை தமிழகத்துச் சிற்றூர்களில் உண்டு. பூச்சியைக் கொல்வது அதிலுள்ள நிக்கோட்டின்தான். வீட்டில் திரவம் கலப்பவர் கையாள்வது அதே நஞ்சின் செறிந்த வடிவத்தை என்பதை மறத்தலாகாது.

அளவு தவறினால் என்ன ஆகும்?

அளவறிந்து கலப்பது தோட்டத் தொழிலாளர்களுக்குப் புதியதன்று. மரப்பாலை உறையவைக்க எவ்வளவு பாலுக்கு எவ்வளவு ஆசிட்டு, அதனோடு எவ்வளவு நீர் என்பதெல்லாம் அனுபவத்தால் அறிந்தவர்கள் நீங்கள். ஆசிட்டு கூடினாலும் குறைந்தாலும் ரப்பர் ஷீட்டின் தரம் கெடும். ஆனால் அங்கே இழப்பு விலையில்தான். நிக்கோட்டினை அளவு தவறிக் கலந்தால் இழப்பு உடலில் நேர்கின்றது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கலவைக்கென்று விற்கப்படும் செறிந்த நிக்கோட்டினில், ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை நிக்கோட்டின் இருப்பதுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள் நெறிமுறையோ, கடையில் விற்கும் திரவத்தில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருத்தல் ஆகாது என்றும், ஒரு புட்டி 10 மில்லிலிட்டருக்கு மேற்படலாகாது என்றும் வரையறுத்துள்ளது. செறிந்த நிக்கோட்டின் அந்த வரம்பைப் போல் ஐந்து மடங்கு. 3 மில்லிலிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் 30 மில்லிலிட்டர் ஊற்றினால் கலவையின் வீரியம் பலமடங்கு ஏறிவிடும். நிறத்தைக் கொண்டோ மணத்தைக் கொண்டோ அப்பிழையைக் கண்டுபிடிக்க இயலாது.

நிக்கோட்டின் வாய் வழியாக மட்டுமன்றித் தோல் வழியாகவும் உடலுள் புகும். ஈரமான புகையிலை இலையைப் பறிக்கும் தொழிலாளர்கள், கையுறை அணியாவிடின், குமட்டல், தலைசுற்றல், வாந்தி ஆகியவற்றால் வருந்துவது மருத்துவர்கள் நன்கறிந்த நோய். இலையைத் தொட்டாலே அந்நிலை என்றால், செறிந்த திரவம் கையிற் சிந்தினால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

எல்லாரையும் விடப் பெரிய ஆபத்து குழந்தைகளுக்கே. திரவத்தின் நிறமும் பழ வாசனையும் அவர்களைக் கவரும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 2014 டிசம்பரில் ஒரு வயதுக் குழந்தையொன்று நிக்கோட்டின் திரவத்தை அருந்தி உயிரிழந்தது. இத்தகைய புட்டிகளைக் குழந்தைகள் திறக்க முடியாத மூடியுடன்தான் விற்க வேண்டும் என்னும் சட்டம் அந்நாட்டில் 2016 ஜனவரியில் நிறைவேறியது. வீட்டில் கலப்பவரோ பெரும்பாலும் பழைய புட்டிகளிலும் குளிர்பானக் குப்பிகளிலும் ஊற்றி வைக்கின்றார். அதற்கு எந்தப் பாதுகாப்பு மூடியும் இல்லை.

வயிறு வேறு, நுரையீரல் வேறு

'கேசரியிலும் கேக்கிலும் சேர்க்கும் வாசனைச் சத்துத்தானே, அதனால் என்ன கெடுதல்?' என்று கேட்பவர் உண்டு. இக்கேள்விக்குரிய விடையே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும். வயிறு உணவைச் செரிப்பதற்காக அமைந்தது. அதற்குக் கெட்டியான சுவர் உண்டு, அமிலம் உண்டு, வேண்டாததைக் கழிக்க வழியும் உண்டு. நுரையீரலோ காற்றுக்காக மட்டும் அமைந்தது. அதன் பல கோடி நுண்ணிய காற்றறைகளை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் இருக்கும். அச்சுவர்களின் மென்மையோ சொல்லி முடியாது. உண்பதற்கு ஏற்றது என்பதனாலேயே ஒரு பொருள் மூச்சில் இழுப்பதற்கும் ஏற்றது ஆகிவிடாது.

இதற்குச் சான்றுகள் உள. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் என்னும் பொருள் தின்பண்டங்களில் சேர்க்கப்படுவது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் சோளப்பொரி தயாரிக்கும் ஆலையொன்றில் வேலை செய்த எட்டுப் பேர், மூச்சுக் குழாயின் நுண்கிளைகள் தழும்பேறி அடைபடும் கொடிய நோய்க்கு ஆளாகியிருப்பது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. அவர்கள் அப்பொருளைத் தின்றதனால் நோயுறவில்லை. அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்ததனால் நோயுற்றனர். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் 51 வகை வாசனை மின்சிகரெட்டுகளைச் சோதித்தபோது, 39 வகைகளில் அதே டைஅசிட்டைல் இருக்கக் கண்டனர்.

இதனினும் துயரமான நிகழ்ச்சி 2019ஆம் ஆண்டில் நேர்ந்தது. மின்சிகரெட் பிடித்த அமெரிக்க இளைஞர்கள் பலர் கடும் நுரையீரல் அழற்சியால் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 2020 பிப்ரவரி 18ஆம் நாள் வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டனர்; அவர்களுள் 68 பேர் இறந்தனர். நோயாளிகள் 51 பேரின் நுரையீரல் நீரைச் சோதித்தபோது, 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிட்டேட்டு என்னும் எண்ணெய்ப் பசையுள்ள பொருள் காணப்பட்டது. உரிமம் பெறாதவர்கள் கஞ்சாச் சாரத் திரவத்தைக் கெட்டியாக்குவதற்கு அதனைக் கலந்திருந்தனர். மாத்திரையாக விழுங்கவும் தோலில் பூசவும் பயன்படுவதுதான் வைட்டமின் ஈ. அதனைக் கலந்தவர்களுக்கு அது நஞ்சாகத் தோன்றியிராது. நுரையீரலுக்கோ அது நஞ்சாயிற்று.

சூடேற்றுவதாலும் தீங்கு விளைகின்றது. சுருள் அளவுக்கு மீறிச் சூடேறினால், தீங்கற்றவை என்று கருதப்படும் கிளைக்காலும் கிளிசரினும் சிதைந்து, ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுப் பொருள்களாக மாறுகின்றன.

சிகரெட்டை விட்டொழிக்க விரும்பும் பெரியவர்களுக்கு மின்சிகரெட்டை ஒரு வழியாகக் காட்டும் பிரிட்டன் போன்ற நாடுகளும் உள்ளன. ஆயினும் அங்கே பரிந்துரைக்கப்படுவது, சட்டம் வரையறுத்த அளவுக்கு உட்பட்டு, அரசிடம் பதிவு செய்து விற்கப்படும் பொருள். அடுப்படியில் கலந்த திரவம் அன்று.

சிங்கப்பூரில் வெளிப்பட்ட உண்மை

கலவையின் உள்ளே இருப்பது இன்னது என்று அறியாமல் புகைப்பதன் விளைவைச் சிங்கப்பூர் அண்மையில் கண்டது. 2025 ஜூலையில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு ஒரு செய்தியை வெளியிட்டது. கைப்பற்றப்பட்ட மின்சிகரெட்டுகளுள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சோதித்ததில், மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட்டு என்னும் மயக்க மருந்து கலந்திருந்தது. அது அறுவை சிகிச்சையின்போது மருத்துவர் நேரில் நின்று, நரம்பின் வழியே அளந்து செலுத்தும் மருந்தாகும். அதனைப் புகையாக இழுப்பவர் தள்ளாடுவர், நினைவிழப்பர், கைகால் உதறி விழுவர். உடலுக்கு இன்றியமையாத கார்ட்டிசால் என்னும் சுரப்புநீரையும் அது தடுக்கின்றது.

கேபாட் என்று அழைக்கப்படும் இத்தகைய குப்பிகளை வீட்டிலேயே தயாரித்ததாக, யீஷூன் வட்டாரத்து அடுக்குமாடிக் குடியிருப்பைச் சுட்டி, அதே ஜூலை மாதம் ஒருவர் மீது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது. வாங்கிப் புகைப்பவருக்கு உறையில் எழுதியிருப்பது மட்டுமே தெரியும். உள்ளே கலந்தவர் என்ன கலந்தார் என்பது தெரியாது.

ஜோகூர் பாலத்திற்கு அப்பால் உள்ள சட்டம்

நம் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் பிள்ளைகள் பலர். அவர்கள் இப்பகுதியைக் கருத்தூன்றிப் படித்தல் நலம்.

மலேசியாவில் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களுக்கு மின்சிகரெட் விற்பதைத் தடுக்கின்றது. ஜோகூர் மாநிலத்திலோ 2016 ஜனவரி முதலே மின்சிகரெட் விற்பனைக்குத் தடையுண்டு. ஆயினும் வேறு சில மாநிலங்களில் பெரியவர்கள் அதனைக் கடையில் வாங்க முடிகின்றது. இங்கே கடையில் வாங்கிய பொருளை அங்கே கொண்டு செல்வதில் என்ன தவறு என்ற எண்ணமே பலரைச் சிக்கலில் ஆழ்த்துகின்றது.

சிங்கப்பூர் புகைத்தலைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது இன்று நேற்றன்று. 1970ஆம் ஆண்டிலேயே திரையரங்குகளிலும் பேருந்துகளிலும் புகைப்பதற்கு அங்கே தடை வந்தது. லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைப் பக்கம் சென்று வருவோர் அறிந்த குட்கா, கைனி, ஜர்தா போன்ற மெல்லும் புகையிலைப் பொருள்களும் 2016 ஆகஸ்டு 1 முதல் தடை செய்யப்பட்டன. 2018 பிப்ரவரி 1 முதல் மின்சிகரெட்டை விற்பது மட்டுமன்றி, வாங்குவதும் வைத்திருப்பதும் புகைப்பதும் குற்றமாயின.

2025 செப்டம்பர் 1ஆம் நாள் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. முதன்முறை பிடிபடும் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு 500 சிங்கப்பூர் வெள்ளியும், அதற்கு மேற்பட்டவருக்கு 700 வெள்ளியும் தண்டம் என்று அறிவிக்கப்பட்டது. மீண்டும் பிடிபடும் வெளிநாட்டவர் வேலை அனுமதியை இழந்து, நாட்டைவிட்டு வெளியேற்றப்படலாம். அதே நாளில் எட்டோமிடேட்டு போதைப்பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவ்வறிவிப்பின்படி அதனைக் கொண்டு வருவோருக்கு 3 முதல் 20 ஆண்டுச் சிறையும் 5 முதல் 15 பிரம்படியும் தண்டனையாகும்.

இச்சட்டத்தில் வீட்டில் கலந்தது, கடையில் வாங்கியது என்னும் வேறுபாடு இல்லை. 'நண்பன் கொடுத்தான், உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது' என்று சொல்வதனால் மட்டும் ஒருவர் தப்பிவிட இயலாது. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பையில் கிடக்கும் ஒரு சிறு கருவி, ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தையே நிறுத்திவிடக்கூடும். இந்தியாவுக்குச் செல்வோரும் அறிக: தமிழக அரசு 2018ஆம் ஆண்டிலும், இந்திய நடுவணரசு 2019ஆம் ஆண்டிலும் மின்சிகரெட்டைத் தடை செய்துள்ளன.

இல்லத்தில் செய்ய வேண்டுவன

1. நிக்கோட்டின் திரவம் எதனையும் வீட்டில் கலக்கவோ சேமிக்கவோ இடந்தரலாகாது.

2. திரவம் தோலில் பட்டால், நனைந்த உடையை உடனே களைந்து, ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும்.

3. குழந்தை அதனை அருந்திவிட்டால், விரல் விட்டு வாந்தி எடுக்கச் செய்யலாகாது. வெளிறுதல், வியர்த்தல், வாந்தி, வலிப்பு ஆகிய குறிகள் தோன்றும்வரை காத்திருக்கவும் கூடாது. மலேசியாவில் 999 எண்ணையும் சிங்கப்பூரில் 995 எண்ணையும் அழைத்து, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அந்தப் புட்டியையும் உடன் கொண்டு சென்றால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

4. பாலத்தைக் கடக்குமுன் சட்டைப்பை, கைப்பை, மோட்டார் சைக்கிளின் இருக்கைப் பெட்டி ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பிறர் தரும் பொட்டலத்தை வாங்கிச் செல்லலாகாது.

5. பிள்ளை இப்பழக்கத்திற்கு ஆளாகியிருப்பது தெரியவந்தால், அடிப்பதாலும் ஏசுவதாலும் பயனில்லை. அதனை மறைக்கத்தான் அவன் கற்றுக்கொள்வான். அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்க. புகைப்பழக்கத்தை விடுவதற்கான ஆலோசனை அங்கே கிடைக்கும்.

மரப்பாலில் ஏதேனும் கலந்துவிட்டால், வடிகட்டி எடுக்க நமக்கு வழி தெரியும். நுரையீரலுக்குள் சென்ற கலவையை வடிகட்டி எடுப்பதற்கு எந்தச் சல்லடையும் இல்லை. இதனை இன்று மாலையே உங்கள் பிள்ளைகளிடம் அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள்.