இரும்புத் தொப்பிக்கு உரியவன் யார்?

திருக்கோணமலைத் துறைமுகத்தில் பெரிய பொருள்களுக்கெல்லாம் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளை எண்ணிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானியக் குண்டு வீச்சில் தீப்பற்றிய 'சகைங்' என்னும் கப்பலை, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கடலடியில் கிடந்த பின்னர், 2018இல் நமது கடற்படையினர் மேலே கொணர்ந்தார்கள். அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பலோடு மாண்டவர் 307 பேர் என்பதும் பதிவில் உள்ளது. பெரியவற்றை விட்டுச் சிறிய பொருளொன்றை நான் எடுத்துக் கொள்கிறேன். ஏறத்தாழ ஒரு கிலோ நிறையுள்ள, கவிழ்த்த தட்டுப் போன்ற ஓர் இரும்புத் தொப்பி.

இத்தகைய தொப்பிகளை உப்புவெளியிலிருந்து சீனன்குடா வரையில் நான் பல வீடுகளிற் கண்டிருக்கிறேன். கோழிக்குத் தண்ணீர் வைப்பதற்கு அதைவிட வாய்ப்பான பாத்திரம் இல்லை என்பர். தோணியில் நீர் இறைக்கவும் அது உதவும். அண்மைக் காலமாக இவற்றை விலைக்குக் கேட்டு வருவோரும் உளர். உள்ளே ஒரு பெயரோ எண்ணோ எழுதியிருந்தால் விலை இரட்டிக்கிறது. ஆகவே பெயரில்லாத தொப்பிக்குப் புதிதாகப் பெயர் எழுதி விற்கும் கலையும் உலகெங்கும் வளர்ந்துவிட்டது. பழந்துருவின் மேல் படிந்த புது வர்ணத்தை உற்று நோக்குவோர் அந்தக் கலைக்கு ஏமாறுவதில்லை.

"மாஸ்டர், இது ஆருட தொப்பி எண்டு கண்டுபிடிக்கேலுமோ?" என்று கேட்டார் எண்பது வயதை எட்டிய பெரியவர் ஒருவர். அவருடைய தந்தையார் யுத்த காலத்தில் கப்பற்றுறையில் வேலை செய்தவர். பேரனுக்கு அதை விற்க விருப்பம். பெரியவருக்கோ, உரியவனின் பிள்ளைகள் எங்கேனும் இருந்தால் அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம். இந்த வழக்கில் நான் நடுவனாக அமர்ந்தேன்.

முதலில் காந்தம் ஒன்றை வரவழைத்தேன். தொப்பியின் உச்சியில் அது பற்றவில்லை. பேரன் வியந்தான், இரும்பல்லவோ என்றான். உண்மையில் இது மங்கனீசு கலந்த உருக்கு. முதல் உலகப் போரின்போது, 1915இல், ஜோன் பிறோடி என்பவர் வகுத்த வடிவத்தைச் சேர் றொபேட் ஹட்ஃபீல்டின் இவ்வுருக்கினால் செய்யத் தொடங்கினர். துருப்பிடிக்கும், ஆனால் காந்தத்துக்கு வசப்படாது. பிறோடியின் வடிவமே சிறிது திருந்தி, இரண்டாம் உலகப் போரில் 'இரண்டாம் மாதிரி' என வழங்கிற்று. ஆமையோட்டினை ஒத்த 'மூன்றாம் மாதிரி' 1944இலேதான் வந்தது. எனவே காலத்தை உருவமே ஓரளவு சொல்லிவிடுகிறது.

அடுத்து விளிம்பின் உட்புறம். அங்கே செய்தவரின் முத்திரை எழுத்துகளும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். 'ஜே. எஸ். எஸ்.' என்றால் ஜோசப் சாங்கி நிறுவனம், 'பி. எம். பி.' என்றால் பிறிக்ஸ் மோட்டர் பொடீஸ். மோட்டார் வண்டிக்கு உடல் அடித்துக் கொடுத்தவர்கள் போர் வந்ததும் மனிதத் தலைக்கு மூடி அடித்தார்கள்! பெரியவரின் தொப்பியில் எழுத்துகள் மறைந்து '1940' என்பது மட்டும் எஞ்சியிருந்தது. முத்திரை தொழிற்சாலையைச் சொல்லுமேயன்றி ஆளைச் சொல்லாது.

ஆளைச் சொல்வது, உள்ளே தலையைத் தாங்கும் பட்டையில் அவன் தன் கையால் எழுதிய எண்ணே. 1920இல் பிரித்தானியத் தரைப்படையினர் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண்வரிசையை ஒதுக்கினர். 721001 முதல் 1842000 வரை அரச பீரங்கிப் படைக்கு. அதற்கு மேல் 2303000 வரை பொறியியற் படைக்கு. அப்பால் சமிக்ஞைப் படைக்கு. 1942இன் நடுப்பகுதிக்குப் பின் சேர்ந்த சாதாரண வீரர்கள் 14 என்று தொடங்கும் எட்டிலக்க எண்களைப் பெற்றனர். கடற்படையில் முறை வேறு. எண்ணுக்கு முன்னால் 'பி', 'டி', 'சி' என்ற எழுத்துகளில் ஒன்று நிற்கும். போட்ஸ்மத், டெவன்போட், சாதம் ஆகிய தாய்த் துறைகளுள் அவன் எதனைச் சேர்ந்தவன் என்பதை அது காட்டும். 'ஜே எக்ஸ்' என்றால் மாலுமி, 'கே எக்ஸ்' என்றால் கொதிகலனுக்குத் தீ மூட்டுபவன்.

பெரியவரின் தொப்பியில் ஏழு இலக்கங்களுக்கான இடம் தெரிந்தது. முதலிரண்டு இலக்கங்கள் 1, 7. மற்றவை வியர்வையாலும் கடற்காற்றாலும் கரைந்து போயின. பதினேழு என்று தொடங்கும் ஏழிலக்க எண் பீரங்கிப் படைக்குரியது. இந்தத் துறைமுகத்தைக் காக்க நிறுத்திய கரையோரப் பீரங்கிகளையும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளையும் நினைத்தால் அது பொருத்தமாகவே தோன்றுகிறது. ஆயினும் எஞ்சிய ஐந்து இலக்கங்களுக்கு இடமளித்துப் பெருக்கிப் பார்த்தால் ஓரிலட்சம் எண்கள்! அதிலும் ஒரு சிக்கல்: படையில் சேர்ந்த நாளிற் பெற்ற எண்ணே, பிற்பாடு வேறு பிரிவுக்கு மாறினாலும் அவனோடு செல்லும்.

முழு எண் கிடைத்திருந்தால்? அங்கேதான் இத்துறையின் விசித்திரம். அவன் போரில் இறந்தவனாயின் தேடல் எளிது. பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பதிவேட்டில் இரண்டு உலகப் போர்களிலும் மாண்ட பதினேழு இலட்சம் பேரின் பெயர்கள் உண்டு. நிலாவெளி வீதியில் சாம்பல்தீவுக்கருகே உள்ள யுத்தக் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்ற மாணவர்கள் அறிவர்: வீரர்களின் கற்களில் பெயருக்கும் மேலே எண்தான் நிற்கும். அவன் உயிரோடு ஊர் திரும்பி, மணம் முடித்து, முதுமையில் கட்டிலிற் காலமாகியிருந்தாலோ, தேடுவது கடினம். தரைப்படையினரின் சேவை ஏடுகள் 2022 முதல் பிரித்தானியத் தேசிய சுவடிக்கூடத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. பிறந்து 115 ஆண்டுகள் கடவாதோரின் ஏட்டைப் பார்ப்பதற்கு மரணச் சான்று வேண்டும். செத்தவனைக் கண்டுபிடிக்கலாம், பிழைத்தவன் மறைந்து விடுகிறான்.

இன்னொன்றையும் கூற வேண்டும். உள்ளிருக்கும் பட்டையானது உச்சியில் ஒரேயொரு திருகாணியால் தொப்பியோடு பொருத்தப்பட்டது. ஆணியைக் கழற்றினால் ஒருவனுடைய பட்டை மற்றொருவனுடைய ஓட்டுக்குப் போய்விடும். மேலும் தொப்பி வீரனுக்குச் சொந்தமானதும் அன்று; அரசாங்கத்தின் பொருள். ஊர் மாறும்போது களஞ்சியத்தில் ஒப்படைத்துப் போக, அடுத்தவன் அணிவான். ஆகவே 'முதல் உரிமையாளன்' என்று சேகரிப்போர் வழங்கும் சொல்லை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஒரு தொப்பி பல தலைகளைக் கண்டிருக்கும்.

அத்தலைகளுள் ஒன்று பெரியவரின் தந்தையாருடையது. "அப்பு இரவில நெருப்புக் காவலுக்குப் போகேக்க இதைப் போட்டுக்கொண்டுதான் போறவர். வெள்ளைக்காரன்ர ஸ்டோரில குடுத்தது எண்டு சொல்லுவார்" என்றார் அவர். நம்பத் தகாத செய்தியன்று. ஒலிவர் குணதிலக குடிசார் பாதுகாப்பு ஆணையாளராக விளங்கிய அந்நாளில், விமானத் தாக்குதற் காவலுக்கு இலங்கையர் பலர் திரட்டப்பட்டனர். படைத்தரச் சோதனையில் தேறாத தொப்பிகளுக்கு விளிம்பில் துளையிட்டுக் குடிமக்களுக்குக் கொடுக்கும் வழக்கமொன்று இங்கிலாந்தில் இருந்தது. சன்னத்தைத் தாங்கும் வல்லமை அவற்றுக்குக் குறைவு. பெரியவரின் தொப்பியில் துளை இல்லை. கூலித் தொழிலாளி ஒருவரின் தலைக்குப் படைவீரனுக்குரிய நல்ல உருக்கே வாய்த்திருக்கிறது.

பேரனிடம் நான் இதைத்தான் சொன்னேன். பதினேழு என்று தொடங்கும் அந்தப் பீரங்கி வீரனுக்கு ஏடு ஒன்று எங்கோ இருக்கிறது. மீதி ஐந்து இலக்கங்கள் என்றேனும் வெளிப்பட்டால் அவன் பெயர் வந்துவிடும். உன் பூட்டனார் எந்த வாயிலில் நின்றார், எத்தனை இரவு காவல் செய்தார், ஏப்ரல் 9ஆம் நாள் காலையில் எங்கே இருந்தார் என்பதற்குத் தாத்தாவின் நினைவைத் தவிர வேறு ஏடு உங்கள் வீட்டில் உண்டா? இல்லை என்றான். வாங்க வருபவன் அந்த ஆங்கிலேயன் பெயருக்கு விலை கொடுப்பான், இந்தப் பெயருக்குக் கொடுக்க மாட்டான் என்றும் சொன்னான், அது உண்மையே.

துறைமுகப் பகுதிப் பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் வீட்டில் இத்தகைய தொப்பி இருந்தால், செங்கல் தூளால் தேய்த்துப் பளபளப்பாக்க விடாதீர்கள். எஞ்சிய இலக்கங்கள் அதோடு போய்விடும். சாய்ந்த வெயிலில் உட்புறத்தைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் படத்தில் தெரிவதுண்டு. விளிம்பில் துளை இருக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு வீட்டிலுள்ள முதியவரிடம், இதனை யார் கொண்டு வந்தார், எங்கிருந்து, எந்த ஆண்டில் என்று கேட்டு எழுதட்டும். 1957 அக்டோபரில் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்துச் சென்றதற்கு முன்னா பின்னா என்று கேட்டாலே பலருக்கு நினைவு திரும்பும். பெரியவரின் பேரன் அவ்வாறே ஒரு தாளில் எழுதித் தொப்பியின் உட்பட்டைக்குள் செருகி வைத்திருக்கிறான். விற்பதா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை.