முள் சொல்வதெல்லாம் மெய்யா?

தொம்மலூரில் நான் தங்கியிருக்கும் மாமா வீட்டில் பழைய கார் ஒன்று உண்டு. புறப்பட்ட சில நிமிடங்களிலேயே அதன் வெப்பங்காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிடும். ‘எஞ்சினைப் பிரிக்க வேண்டும்’ என்றார்கள் பட்டறையில். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த பணத்தை எடுக்க மாமா துணிந்துவிட்டார். ‘ஒரு நாள் பொறுங்கள், மாமா’ என்றேன்.

நண்பர்களே, முள் வெப்பத்தை நேரே அறிவதில்லை. எஞ்சின் நீரைத் தொட்டிருக்கும் உணரியில் சூடு ஏற ஏற மின்தடை குறையும், மின்னோட்டம் மிகும், முள் ஏறும்.

ஆறிய எஞ்சினிலிருந்து உணரியைக் கழற்றி, புதியது ஒன்றுடன் நீரிலிட்டுக் காய்ச்சினேன். நீர் கொதித்தது, என் வெப்பமானியோ 97 டிகிரியே காட்டியது. இதுவும் பொய்யோ எனத் திகைத்தேன். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது, காற்றழுத்தம் குறைவு, இங்கே நீர் கொதிப்பதே 97இல்தான் என்பது பிறகே நினைவுக்கு வந்தது. இரண்டு உணரிகளின் மின்தடையும் ஒத்திருந்தது. பழைய உணரி குற்றமற்றது!

அப்போதுதான் பெட்ரோல் முள்ளும் உள்ளதைவிட மிகுதியாகக் காட்டுவதைக் கவனித்தேன். இரு முட்களுக்கும் பொதுவானது ஒரு சிறு சீராக்கி. பாட்டரியின் 12 வோல்ட்டைச் சராசரி 10 ஆகக் குறைத்துத் தருவது. அதன் எர்த் இணைப்பு துருப்பிடித்திருந்ததால் முழு வோல்ட்டும் முட்களுக்குப் போயிற்று. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். முள் நடுவில் நின்றது. பணம் கல்லூரிக்கே போயிற்று.

சிவப்பைக் கண்டால் வண்டியை நிறுத்துங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறவாதீர்கள். ஆனால் எஞ்சினைத் தண்டிக்குமுன், சாட்சி சொல்லும் முள்ளையும் விசாரியுங்கள்.