ஐம்பது வயதுக்குப் பின் கொல்ஃப்: ஆசிரியரைத் தேர்வது எவ்வாறு?

நுவரெலியாவுக்கு வருவோர், நகரின் நடுவே சைப்பிரஸ் மரங்கள் சூழ விரிந்து கிடக்கும் பசும்புல் வெளியைக் கண்டு வியவாமற் செல்வதில்லை. 1889 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்துப் படைவீரர் ஒருவரால் தொடங்கப்பட்ட கொல்ஃப் மைதானம் அது. துரைமார் ஆடுவர், நம்மவர் பையைச் சுமந்து பின்னே நடப்பர். நெடுங்காலம் இதுவே வழக்கமாயிருந்தது. இன்றோ, ஓய்வுபெற்ற நம்மவர் சிலரும் கோலைக் கையிலெடுக்க விரும்புகின்றனர். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

என் நண்பரொருவர் அறுபத்திரண்டாம் வயதில் இவ்வாட்டத்தைப் பயிலத் தொடங்கினார். அவருக்குக் கற்பித்த இளைஞர் சிறந்த ஆட்டக்காரர். தாம் அடிக்கும் விதத்தையே நண்பருக்கும் காட்டிக் கொடுத்தார். மூன்றாம் பாடத்தன்று நண்பர் இடுப்பைப் பிடித்தபடி வீடு திரும்பினார். ஒரு மாதம் படுக்கை! இதிற் குற்றம் ஆசிரியரின் திறமையிலன்று. அத்திறமை மாணவருக்குப் பொருந்தாமையிலேயே இருந்தது.

வயது ஏற ஏறத் தசையின் வலிமை குறைகிறது; இடுப்பும் தோளும் திரும்பும் அளவும் சுருங்குகிறது. இருபது வயதினரின் முழு வீச்சை அறுபது வயதினர் முயன்றால், அந்தச் சுமை முதுகின் கீழ்ப்பகுதியில் இறங்கும். ஆகவே, நல்லாசிரியர் முதலில் கோலைத் தருவதில்லை, "எங்கே நோவு? சத்திரசிகிச்சை ஏதும் நடந்ததுண்டா?" என்று வினவுவார். கோலைப் பின்னே உயர்த்தும்போது இடது குதிகாலைச் சற்றே எழும்ப விடுவார். இடுப்பு எளிதாகத் திரும்பும். பாரங்குறைந்த கோல்களைப் பரிந்துரைப்பார். மலைக்குளிரில் உடலைச் சூடாக்காமல் ஓர் அடியும் அடிக்க விடார்.

அடுத்து, பாடம் குழியிலிருந்து பின்னோக்கித் தொடங்குவது நலம். 72 அடிகளை அளவாகக் கொண்ட மைதானத்தில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் பந்தை மெல்ல உருட்டுவதற்கே ஒதுக்கப்பட்டவை. ஆட்டத்தின் பாதி அது! அதற்கு வலிமை வேண்டா. பொறுமையும் கண்ணளவும் போதும். முதியவர் இளைஞரை வெல்லக்கூடிய இடமும் அதுவே. நுவரெலியா மைதானத்தின் நீளம் ஆறாயிரம் யாருக்கும் குறைவு. குறுகிய வழிகள், குறுக்கே ஓடைகள். அங்கே தூரத்தைவிடத் திசையே பெரிது.

கூட்டு வகுப்பில் செலவு குறைவு. விதிகளையும் மைதான ஒழுக்கத்தையும் அறிய அது போதும். மூட்டுவலி உள்ளவருக்கோ தனிப்பாடமே தகும். இணையத்தில் வரும் படங்கள் பலவற்றைக் காட்டும். ஆனால், அவை உங்கள் முதுகைப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் ரெக்ஸாஸ் மாநிலத்தில் ஹார்வி பெனிக் என்றோர் ஆசிரியர் வாழ்ந்தார். சிறுவயதிற் பை சுமந்தவர். 1992 இல் அவரது நூல் வெளிவந்தபோது வயது 87. ரொம் கைட், பென் கிரென்ஷோ என்னும் இரு பெரும் வீரர்களும் அவருடைய மாணாக்கர். எனினும், ஒருவருக்கு நடக்கும் பாடத்தை மற்றவர் பார்க்க அவர் விட்டதில்லை. ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்கு நஞ்சாகலாம் அல்லவா?

பை சுமந்தோரை இழிவாக எண்ணுதலும் தவறு. பெங்களூரில் அவ்வாறு தொடங்கிய சி. முனியப்பா 2009 இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். ஆண்டுக்கணக்காக ஒரே மண்ணில் நடந்தவர், பந்து எங்கே சரியும், காற்று எப்போது திரும்பும் என்பதை அறிவார். பல்வேறு உடல்வாகினர் ஆடுவதைப் பின்னின்று பார்த்தவரும் அவரே.

என் நண்பரும் இறுதியில் அத்தகைய முதியவர் ஒருவரையே நாடினார். ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு திருத்தம். அதற்கு மேல் அம்முதியவர் பேசுவதில்லை. இப்போது நண்பர் வாரந்தோறும் ஒன்பது குழிகளை நடந்தே ஆடி முடிக்கிறார். பந்து முன்னைப்போல் வெகுதூரம் போவதில்லைதான். ஆனால், மறுநாட் காலையில் அவர் பிறர் கைகொடாமலே கட்டிலைவிட்டு எழுகிறார்.