பொழிவும் அளவும்: ஒரு சொல் ஆராய்ச்சி

ஆங்கிலத்தில் ‘எஃப்யூசிவ்’ என்றொரு சொல் உண்டு. உள்ளத்து உணர்ச்சியை வெள்ளமெனக் கொட்டுதலை அது குறிக்கும். டாலிகஞ்சில் வாழும் நம் இல்லத்து இளைஞர், கல்லூரியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலக் கடிதம் எழுதுங்கால், இதன் பொருளறிந்து எழுதுதல் நலம்.

இதன் மூலம் இலத்தீன். ‘ஃபுண்டெரெ’ என்றால் ஊற்றுதல். முன்னே நிற்கும் ‘எக்ஸ்’ என்பது ‘வெளியே’ எனப் பொருள்படும். இவ்வேரினின்று கிளைத்த சொற்கள் நமக்குப் புதியவை அல்ல. ஹவுரா–சென்னை ரயில் பயணச்சீட்டை ரத்துச் செய்து நாம் பெறும் ‘ரீஃபண்ட்’, திரும்ப ஊற்றுதலாம். ஒருவர் குருதியை மற்றொருவர் உடலில் ஏற்றும் ‘ட்ரான்ஸ்ஃப்யூஷன்’, மாற்றி ஊற்றுதலாம். மருத்துவர் ‘எஃப்யூஷன்’ என்று எழுதினால், உடலின் உட்குழியில் நீர் கோத்துள்ளது என்று கொள்ள வேண்டும்.

நிற்க. தமிழில் பொழிதல் புகழுக்குரியது. மேடைப் பேச்சையே சொற்பொழிவு என்கிறோம். வாரி வழங்கும் வள்ளலை மழைக்கு ஒப்பிடுகிறோம். வங்காளியர் உணர்ச்சிப் பெருக்கை ‘உச்ச்வாஸ்’ என்பர். புயற்காலத்தில் கடல் பொங்கிக் கரையேறுவதைக் குறிக்கும் அவர்தம் சொல்லிலும் அதுவே அமைந்திருக்கிறது. ஆங்கிலேயர் வழக்கோ வேறு. ‘எஃப்யூசிவ்’ என்னும் சொல்லில், அளவு மீறிற்று என்ற மெல்லிய குறை பெரும்பாலும் ஒளிந்திருக்கும். நண்பரின் வரவேற்பை அச்சொல்லால் பாராட்டி எழுதினால், அவர் மனம் வருந்தக்கூடும். அங்கே ‘வார்ம்’ என்பதே போதும்.

அவ்வேரினின்றே வந்த ‘ப்ரொஃப்யூஸ்’ என்பது மிகுதியை மட்டும் சுட்டுவது. நன்றி, மன்னிப்பு, வியர்வை, குருதிப்போக்கு ஆகியவற்றோடு அது பொருந்தி வரும். பெருந்துயருக்கு இவ்விரண்டும் ஏற்றவை அல்ல. 1969 பிப்ரவரியில் அறிஞர் அண்ணா மறைந்தபோது சென்னையும், 1980 ஜூலையில் நடிகர் உத்தம்குமார் மறைந்தபோது இம்மாநகரும் கண்ட மக்கள் கண்ணீரை ‘அவுட்போரிங்’ என்றே எழுத வேண்டும். அதில் ஏளனம் சிறிதும் இல்லை.

நம் பகுதிக்குப் பெயர் தந்த வில்லியம் டாலி, தூர்ந்து கிடந்த ஆதிகங்கையை 1770களில் அகழ்ந்து, படகு செல்லும் கால்வாயாக்கினார். கரைக்குள் ஓடிய நீரே அன்று பயன்பட்டது. அன்பை அள்ளிப் பொழியும் நம் பிள்ளைகள் அவ்வியல்பை விடவேண்டுவதில்லை. வேற்றுமொழியில் எழுதும்போது அம்மொழியின் கரை எதுவென அறிந்து பொழியட்டும்.